பேரையூர் சாலையில் தொட்ட கை

காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் காலைப் பற்றித்தான். எந்த ஷூ வாங்கலாம், முட்டி வலிக்கு எந்தத் தைலம், வாரத்துக்கு எவ்வளவு தூரம். கேளுங்கள், தப்பில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை உங்கள் செல்போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். ஆனால் இத்தனை வருடம் ஓடிப் பிழைத்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், காலால் ஜெயித்ததும் தோற்றதும் எனக்கு அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. ஒரு முடிவைக் கையால் எடுத்தேன். அதுதான் வருகிறது. போன வாரம் உங்களில் ஒருத்தி, "அக்கா, நீங்க யாரையோ தொட்டு அவுட்டாக்கிட்டீங்களாமே" என்று கபடி ஆட்டத்தைக் கேட்பது போலக் கேட்டாள். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். அரைகுறையாகக் கேள்விப்பட்டுக்கொண்டு திரிவதைவிட முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

உங்களில் புதிதாக வந்தவர்களுக்காக விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலை ஓட்டத்தில் ஓடுகிறவர் தன் காலிலேயே கோட்டைத் தாண்ட வேண்டும். விழலாம், எழலாம், நடக்கலாம், தவழ்ந்துகூடப் போகலாம். ஆனால் வேறொருவர் தூக்கிவிட்டாலோ தோளில் தாங்கினாலோ ஓட்டம் அத்தோடு முடிந்தது, பெயரை அடித்துவிடுவார்கள். அதனால்தான் யாராவது தள்ளாடினால் சுற்றி நிற்கும் விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் "தொடாதே, தொடாதே" என்று கத்துவார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு என்ன ஈவிரக்கமில்லாத கூட்டம் என்று தோன்றும். பாவம், இரக்கப்பட்டுத்தான் கத்துகிறார்கள்.

நான் தொட்டது ஹேமாவை. அவள் செல்லூர்ப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், தெருவுக்கு வந்தால் எங்களைப் போலவே மதுரைத் தமிழ். அவள் அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தார். நான் திருமங்கலத்துப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கும் குடும்பம். முதல் பஸ்ஸைப் பிடித்து நான் மைதானத்துக்கு வந்து சேரும்போது அவள் சைக்கிளில் வந்து காத்திருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே தூரம், கிட்டத்தட்ட ஒரே வேகம். பயிற்சி கொடுத்தவரும் ஒருவரே. நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம்.

மெதுவாக ஓடும் நாட்களில் பேசிக்கொண்டேதான் ஓட வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். பேச மூச்சு இருந்தால் வேகம் சரி, பேச்சு அறுந்தால் வேகம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. ஹேமாவுக்கு இப்படி ஒரு சட்டமே தேவைப்படவில்லை. வைகைக் கரை வரை போய்த் திரும்புவதற்குள் டிவி சீரியலின் ஒரு வாரக் கதையை முடித்துவிட்டு அண்ணி சண்டைக்கு வந்துவிடுவாள். நான் ம் கொட்டிக்கொண்டே ஓடுவேன். இப்படி வருடக்கணக்காகப் பக்கத்தில் ஓடினால் என்ன ஆகும் தெரியுமா? அவள் மூச்சை வைத்தே அவளுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவளும் என்னை அப்படித்தான் தெரிந்து வைத்திருந்தாள். போட்டியில் அது வசதி. எப்போது முந்தினால் மற்றவளால் தாங்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

போட்டி என்று சொன்னேனே, சாதாரணப் போட்டி இல்லை. அந்த வருடம் ஒரு நிறுவனம் தன் ஓட்டக் குழுவுக்கு நம் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுப்பதாக அறிவித்திருந்தது. மாதச் சம்பளம் கொடுத்து, சாப்பாடும் ஷூவும் கொடுத்து, ஓடு என்று சொல்வார்கள். ஓடுவதே வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பேரையூருக்கு இந்தப் பக்கம் ஆரம்பித்துத் திருமங்கலத்தில் முடிகிற ஒரு சாலை ஓட்டம். அதில் பெண்களில் முதலில் வருகிறவளுக்கு அந்த இடம். இரண்டாவது வந்தால் ஒரு கப்பும் ஒரு பிளாஸ்டிக் குடமும்.

எனக்கு அந்த வேலை தேவை. ஹேமாவுக்கு அதைவிடத் தேவை. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், ஓடலாம். கிடைக்காவிட்டால் ஷூவைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சக்திக்கு மீறித்தான் அவளை அதுவரை ஓட விட்டிருந்தார். இதெல்லாம் தெரிந்தும் நான் விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. "நான் ஜெயிச்சு போயிட்டா என் பழைய ஷூவை உனக்குத் தாரேன்டி பாண்டி" என்பாள். "உன் ஷூவுல என் கட்டை விரல்கூட நுழையாது, போடி" என்பேன். நாங்கள் நட்பாக இருந்தது இந்த லட்சணத்தில்தான்.

இனிமேல் சொல்வதைப் பெண் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். பையன்கள் சிரிக்காமல் கேளுங்கள், உங்களுக்கு ஊரெல்லாம் கழிப்பறை.

அந்தக் காலத்தில் சாலை ஓட்டம் என்றால் பெண்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அதனால் நாங்கள் எல்லாருமே ஒரு மடத்தனம் செய்வோம். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். வாய் காய்ந்தால் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் படுத்துக்கொள்வோம். மாஸ்டரிடம் கேட்டால் குடித்தாச்சு சார் என்போம். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அவரும் ஆண்பிள்ளை, இதையெல்லாம் துருவிக் கேட்கக் கூச்சப்படுவார். இப்படி இரண்டு பக்கத்துக் கூச்சமும் சேர்ந்து எத்தனையோ பெண்களின் உடம்பைக் கெடுத்திருக்கிறது.

நான் அதிலிருந்து தப்பித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, வெட்கம் கெட்டதால். கிராமத்துக்காரிக்குக் கதவைத் தட்ட என்ன தயக்கம்? ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, "யக்கா, கொஞ்சம் உள்ள போயிட்டு வந்துக்கிறவா?" என்று கேட்பேன். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டில்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. சில வீட்டில் காபி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்பார்கள். அன்றைக்கும் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். போகும் முன் ஹேமாவையும் கூப்பிட்டேன்.

"முன்னப் பின்ன தெரியாத வீட்டுல போயி எப்படிடி கேக்குறது? எனக்கு வேணாம். நான் தண்ணியே குடிக்கல, வராது" என்றாள்.

"போகப் போக வெயில் ஏறும்டி. குடிச்சுட்டு வா, நானும் கூட வாரேன்."

"நீ போ, ஆத்தா. உனக்கு ஊரெல்லாம் சொந்தம்."

அவள் கணக்கு ஒரு விதத்தில் சரிதான். விடியும் முன் ஆரம்பித்து வெயில் உறைப்பதற்குள் முடித்துவிடும் ஓட்டம் அது. ஆனால் கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பங்குனி மாதம். சூரியன் கிளம்பி மேலே வந்துவிட்டது, விருந்தினர் மட்டும் வந்தபாடில்லை. வரிசையை விட்டு நகர்ந்தால் முன்னிடம் போய்விடும் என்று எல்லாரும் ரோட்டிலேயே நின்றோம். கடைசியில் அவர் வந்து, இளைஞர்கள் உடலைப் பேண வேண்டும் என்று நீளமாகப் பேசிவிட்டுக் கொடியசைத்தார்.

அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மரம் என்றால் கருவேலம்தான், அதன் நிழலில் ஒரு ஆடு நிற்கலாம். திருமங்கலத்தைப் பார்த்து ஓடினால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். பாதி தூரம் வரை ஐந்தாறு பேர் சேர்ந்து ஓடினோம். பிறகு ஹேமா முன்னால் போனாள். நான் துரத்தவில்லை. அவள் சீக்கிரம் கிளம்பினால் கடைசியில் தளருவாள், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் மேசைகளில் நான் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். அவள் ஒரு மேசையில்கூடக் கை நீட்டாமல் போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். நேரத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஊர் நெருங்கும்போது இடைவெளி குறைய ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்துவிட்டேன், வேலை எனக்குத்தான் என்று மனசு கிடந்து குதித்தது. கிட்டே போகப் போகத்தான் சந்தேகம் வந்தது. ஹேமா எப்போதும் சாலையின் ஓரத்தைப் பிடித்து ஒரே கோடாக ஓடுவாள். அன்றைக்கு நடுச்சாலைக்கு வந்து, மறுபடி ஓரத்துக்குப் போய், மறுபடி நடுவுக்கு வந்தாள். பக்கத்தில் போனேன். அந்த வெயிலில் அவள் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது, குளிரில் நிற்கிறவளுக்கு இருப்பது போல. நெற்றியில் வேர்வை இல்லை. உப்புத்தான் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஹேமா, தலைய சுத்துதா?"

அவள் ரோட்டைப் பார்த்தபடியே ஓடினாள்.

"ஏடி, எங்க இருக்கோம் சொல்லு பாப்போம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவள் வீட்டு பாஷை. அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூட அந்த பாஷையில் பேசியதில்லை, எனக்குப் புரியாது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அம்மாவிடம் அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டே போனாள். கால் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தூரத்தில் பந்தல் தெரிந்தது. கோடு அங்கேதான். மைக் சத்தம்கூடக் கேட்டது. மாஸ்டர், யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எங்களோடு வந்துகொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன். ஒரே ஒரு வண்டிதான், அதுவும் எங்களுக்குப் பிறகு கிளம்பிய ஆண்கள் கூட்டத்தோடு பின்னால் வருகிறது என்றார்.

"மாஸ்டர், இவளுக்கு நெனவு தப்புது. நிறுத்துங்க!"

"தொடாத பாண்டி! கோடு அந்தாத் தெரியுது பாரு. இம்புட்டுத்தான், போயிருவா. ஹேமா, அப்படியே போம்மா, அப்படியே போ!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் அப்பாவிடம் போய்க் கெஞ்சி இந்த ஒரு ஓட்டத்துக்கு அனுமதி வாங்கியவரே அவர்தான். அவருக்குப் பைக்கிலிருந்து அவள் முதுகு தெரிந்தது, அவளுக்கு முன்னால் பந்தல் தெரிந்தது. அவள் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒன்று, அவளை முந்திக்கொண்டு ஓடி, ஜெயித்து, பந்தலில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு அனுப்புவது. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல பிள்ளை, ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தாள் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். இன்னொன்று, மாஸ்டர் சொன்னது போல அவள் பக்கத்திலேயே ஓடி, வாயால் உற்சாகப்படுத்தி, அவளைக் கோட்டைத் தாண்ட வைப்பது. தோழிக்காகத் தன் வெற்றியை விட்டாள் என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. மூன்றாவது, தொடுவது. அதில் யாருக்கும் லாபம் இல்லை. அவளுக்கு வேலை போகும், கல்யாணம் வரும், காலத்துக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

ரொம்ப யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து யோசிக்க அங்கே ஏது நேரம்? ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. அந்த வேலை தனக்கு வேண்டும் என்று முடிவு பண்ணியது ஹேமா. ஆனால் இப்போது என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஹேமா இல்லை, வெறும் கால். அவள் இருந்திருந்தால் நிற்கலாமா வேண்டாமா என்று அவளையே கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை. அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும்.

இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அவள் என்னைத் தள்ளினாள், கையை ஓங்கி அறைந்தாள். ஓடுகிறவளை நிறுத்துவது லேசான வேலை இல்லை. இரண்டு பேரும் தார் ரோட்டில் விழுந்தோம். மாஸ்டர் பைக்கிலிருந்து குதித்து, "அடிப் பாவி, கெடுத்திட்டியே!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். கிட்டே வந்து அவள் கண்ணைப் பார்த்தார். ஆம்புலன்ஸைக் கூட்டி வரச் சொல்லி பைக்கைத் திருப்பி அனுப்பினார்.

ஓட்டத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு தண்ணீர் லாரி, வெளியே வர வழியில்லாமல் நின்றது. டிரைவர் கடுப்பில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அந்த லாரிக்குக் கீழே போட்டேன்.

"அண்ணே, பைப்பைத் தெறந்து விடுங்கண்ணே!"

"ஏம்மா, இது ஓட்டலுக்குப் போற தண்ணி. எம்புட்டு வேணும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவர் ஹேமாவைக் குனிந்து பார்த்தார். பீடியை எறிந்துவிட்டுத் திறந்தார். கழுத்து, அக்குள், தொடை என்று தண்ணீரை மாறி மாறிப் பிடித்தோம். மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றி நனைத்து அவள் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரித் தண்ணீர் ரோடெல்லாம் ஓடியது. அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு மூன்றாவதாக வந்த பெண் எங்களைத் தாண்டி ஓடினாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரு நொடி தயங்கி என்னைப் பார்த்தாள். "போ, போ" என்று கையைக் காட்டினேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. நன்றாகவே ஓடினாள் பிற்பாடு.

ஆம்புலன்ஸ் வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். சிறுநீரகம் பாதித்திருக்கிறது, தேறிவிடுவாள், ஆனால் வழியிலேயே உடம்பைக் குளிர வைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் வராந்தாவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ தொட்டப்ப உன்ன ஓங்கி அறையணும்னு வந்துச்சு. நான் அவ ஜெயிக்கிறதப் பாத்தேன். அவளப் பாக்கல" என்றார். பெரிய மனிதர் கண் கலங்கினால் நமக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேமாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகுதான் பெரிய ஓட்டம் எனக்கு ஆரம்பித்தது. வார்டு வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கா. எங்க யாருக்கும் சொல்ல வாய் வரல. நீ சொல்லிரு" என்றார்.

உள்ளே போனேன். முகமெல்லாம் வீங்கி, கையில் ஊசியோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு.

"என்னாடி பாண்டி, கடைசியில முந்த வந்த மாதிரி இருந்துச்சு? விட்டேனா உன்ன? டேப்பு நெஞ்சுல பட்டது நல்லா ஞாபகம் இருக்கு. எப்ப வேலைக்குச் சேரச் சொன்னாய்ங்க?"

என் வாழ்நாளில் எத்தனையோ முறை மூச்சு முட்டியிருக்கிறது. அன்றைக்கு முட்டியது போல முட்டியதில்லை. பொய் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இவளை நிறுத்தியது நான். அதைச் சொல்ல வேண்டியதும் நான்தானே.

"நீ முடிக்கல ஹேமா. கோட்டுக்கு முன்னாடியே நான் உன்னப் பிடிச்சுட்டேன். உன் பேர அடிச்சுட்டாய்ங்க. நானும் முடிக்கல. வேலை அந்த உசிலம்பட்டிப் புள்ளைக்கு."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்புட்டுத் தூரம் இருந்துச்சு?"

"பந்தல் தெரிஞ்சுச்சு."

"பந்தல் தெரிஞ்சுச்சு" என்று அவளும் சொன்னாள். "உன்னைய யாருடி தொடச் சொன்னா? செத்தா நான்தான சாகுறேன். போயிரு. என் கண்ணு முன்னாடி நிக்காத."

போய்விட்டேன். அதன் பிறகு மைதானத்தில் என்னென்ன பேசினார்கள் என்பதை எல்லாம் சொன்னால் நீங்கள் இன்றைக்குப் பயிற்சி செய்ய முடியாது. "தானும் ஜெயிக்கல, அவளையும் ஜெயிக்க விடல, பொறாம புடிச்சவ" என்பதுதான் அதில் நாகரிகமானது. மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் போய் நடந்ததைச் சொன்னார். சிலர் நம்பினார்கள். எனக்கு மற்றவர்கள் நம்புவது பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட ஆளில்லாமல் போனதுதான் தாங்கவில்லை. தனியாக வைகைக் கரை வரை ஓடிவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறேன். அழுதால் மூச்சு ஒழுங்காக வராது, வேகமும் குறையும். அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

பிற்பாடு எல்லாருக்கும் ஒரு வழி பிறந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அடுத்த வருடம் வேறொரு குழுவில் இடம் கிடைத்து, உங்களுக்குத் தெரிந்த இந்த வாழ்க்கையை ஓடி முடித்தேன். ஹேமாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், ஆஸ்பத்திரியில் கிடந்த பெண் என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். அவள் திரும்ப ஓட வந்தாள், ஆனால் வெயிலில் நீண்ட தூரம் ஓட அவளுக்கு அப்புறம் முடியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். அவள் தன் உச்ச வேகத்தை ஓடிப் பார்க்காமலே நின்றுபோனாள் என்பது உண்மை. நான் தொட்டதால்தான் உயிரோடு நின்றாள் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க நான் முயன்றதில்லை, நீங்களும் எனக்காக அதைச் செய்ய வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். கோடு தெரியும், கூட்டம் கத்தும், சொல்லிக் கொடுத்தவரே கத்துவார். பக்கத்தில் ஓடுகிறவளின் முகம் உங்களுக்கு மட்டும் தெரியும். அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அதற்கு முன்னால், ஓடுகிற அன்றைக்குக் கூச்சப்படாமல் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தண்ணீரைக் குடியுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. அந்த வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பயிற்சி முடிந்ததும் தினமும் செல்லூருக்குப் போவேன். அந்தச் சந்தில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. அவள் வீடு மாடியில். அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தூங்குகிறாள் என்று கையால் ஜாடை காட்டுவார். தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கீழே நின்றுவிட்டுத் திருமங்கலம் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

ஒரு நாள் அவளே படியில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்து வரவில்லை, கடைக்கோ எங்கேயோ போகக் கிளம்பியிருந்தாள். உடம்பு பாதியாகிப் போயிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியவள் கடைசிப் படிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். முகம் கோணியது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நமக்கெல்லாம் தெரிந்த வலிதானே. அப்படியே படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் அவள் முன்னால் குனிந்தேன், கையை நீட்டினேன், நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது. காலை நீட்டி என் மடியில் போட்டாள்.

"என்னத்தடி பாத்துக்கிட்டு இருக்க? பிடிச்சு விடு. இப்ப தொட்டா யாரும் பேர அடிக்க மாட்டாய்ங்க."